படிக்கிற காலத்து ஹட்சன் டெய்லர்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, பழைய ஹாஸ்டல் நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்க அக்கா என்றுதான் கேட்டார்கள். மெஸ் சாம்பார், வார்டன் அம்மாவின் டார்ச் லைட், விளக்கேற்றும் விழாவில் வரிசையாக அணைந்துபோன மெழுகுவர்த்திகள், இதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுத நினைத்தது ஒரு மாணவரைப் பற்றி. நம் கல்லூரி மாணவர் அல்ல. 1850-களில் இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர். பெயர் ஹட்சன் டெய்லர்.

சீனாவுக்குப் போன பெரிய மிஷனெரி என்று சண்டே ஸ்கூல் காலம் முதல் அவரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நீண்ட பின்னலும் சீன அங்கியுமாக அவருடைய படத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் படம் அல்ல. அதற்கு முந்தின டெய்லர். கையில் காசில்லாமல், கட்டுப் போடும் சாமான்களோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த மாணவர்.

அவரை நான் சந்தித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கமான கதைதான். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் வருஷம், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு. சர்க்கரை வியாதியில் பாதம் அழுகிப்போன ஒரு தாத்தா, ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். வார்டுக்குள் நுழைகிற போதே வாடை வந்துவிடும். காலை டிரெஸ்ஸிங் என் பொறுப்பு. நானோ அப்போது ஜெபக்குழுத் தலைவி. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வியாதியஸ்தர்களின் ஆத்துமாக்களுக்காகக் கண்ணீரோடு ஜெபிப்பேன். எட்டு மணிக்கு அந்தத் தாத்தாவின் கட்டை அவிழ்க்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காய்ந்து ஒட்டின காஸை சலைன் ஊற்றி ஊற வைக்கப் பொறுமையில்லாமல், அப்படியே உரித்து எடுப்பேன். அவர் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் மறக்காமல் ஒரு கைப்பிரதியை அவருடைய லாக்கர் மேல் வைத்துவிட்டு வருவேன். ஊழியம் செய்த திருப்தி!

அந்த வாரம் நைட் டூட்டிக்கு முன்னால், ஹாஸ்டல் ஜெப அறை அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. ஹட்சன் டெய்லரின் வாழ்க்கை வரலாறு. அதில் வந்த ஒரு அழுகிய காலின் கதை என் முகத்தில் அறைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டெய்லர் 1832-ல், யார்க்ஷையரிலுள்ள பார்ன்ஸ்லி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கியும்கூட. வீட்டில் ஜெபத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பையன் வளர வளரச் சந்தேகப் பேர்வழியாகிவிட்டான். பதினேழாம் வயதில், 1849 ஜூனில், அப்பாவின் புத்தகங்களுக்கிடையே கிடைத்த ஒரு கைப்பிரதியைப் பொழுதுபோக்காக வாசித்தபோது மனம் திரும்பினார். (கைப்பிரதிகளை நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.) அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே சீனா போக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அங்கே போகிறவனுக்கு மருத்துவம் தெரிந்திருந்தால் நல்லது என்று, 1851 மே மாதம், ஹல் என்ற துறைமுக நகரத்தில் டாக்டர் ஹார்டியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மருத்துவப் படிப்புக்கு அதுதான் வாசல். டாக்டர் கூடவே இருந்து மருந்து கலக்கணும், கணக்கு எழுதணும், காயத்துக்குக் கட்டுப் போடணும்.

ஹல்லில் முதலில் சித்தி வீட்டில் வசதியாகத்தான் இருந்தார். சம்பளத்தில் ஒரு பகுதி அங்கே தங்குவதற்கென்றே டாக்டர் கொடுத்தது. தசமபாகம் கொடுக்கும்போது இந்தப் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடணுமா வேண்டாமா என்று மனசுக்குள் ஒரு கேள்வி. நாமாக இருந்தால், அது நம் கையில் தங்காத பணம்தானே என்று விட்டிருப்போம். அவர் சேர்த்துதான் கணக்குப் போடணும் என்று முடிவு செய்தார். அதற்காகவே வீட்டையும் மாற்றினார். ஊர் ஓரத்தில், குப்பையும் கழிவும் கொட்டுகிற கால்வாய்க் கரையில் ஒரு குடிசை வரிசை. ட்ரெயின்சைடு என்று பேர். அதில் ஒரு மாலுமியின் மனைவி வீட்டில் ஒற்றை அறை. பெரும்பாலும் ஓட்ஸ் கஞ்சியும் அரிசியும்தான் சாப்பாடு. இப்படிச் செலவைக் குறைத்தபோது வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட மற்றவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. சீனாவில் கஷ்டப்பட இங்கேயே பழகிக்கொள்வது இன்னொரு நோக்கம். அதே சமயத்தில், அவர் விரும்பிய இசை ஆசிரியை சீனாவுக்கு வர இஷ்டமில்லை என்று விலகிப்போனார். அந்த ஒற்றை அறையில் அந்தக் குளிர்காலம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்க.

ஹார்டி டாக்டர் நல்லவர், மறதிக்காரர். சம்பளத் தேதி வந்தால் நீயே எனக்கு ஞாபகப்படுத்து என்று சொல்லி வைத்திருந்தார். டெய்லர் ஞாபகப்படுத்தவில்லை. சீனாவில் போய் யாரிடம் கேட்பது, கர்த்தரிடம் கேட்டு அவர் மூலமாக மனிதரை அசைக்க இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அப்படி ஒரு மூன்று மாதச் சம்பளம் வராமல் நின்றபோது, அவர் கையில் மிஞ்சியது ஒரே ஒரு அரைக் கிரவுன் நாணயம். அதாவது 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

ஒரு ஞாயிறு இரவு பத்து மணி. ஏழைத் தெருக்களில் கூட்டம் நடத்தி முடித்த அவரிடம் ஒரு மனிதன் வந்து, மனைவி சாகக் கிடக்கிறாள், வந்து ஜெபியுங்கள் என்று கெஞ்சினான். பாதிரியாரைக் கூப்பிட 18 பென்ஸ் வேண்டுமாம், அவனிடம் இல்லை. டெய்லர் போனார். போகும் வழியெல்லாம் மனம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றியது. அந்த அரைக் கிரவுன் சில்லறையாக இருந்திருந்தால் ஒரு ஷில்லிங் கொடுத்துவிடலாமே! ஒற்றை நாணயமாகப் போய்விட்டதே! மாடிப்படி ஏறி உள்ளே போனால், கன்னம் ஒட்டிப்போன நாலைந்து குழந்தைகள். ஒரு மூலையில் பிறந்து 36 மணி நேரமே ஆன சிசுவோடு அந்தத் தாய். டெய்லர் ஆறுதல் வார்த்தை சொன்னார். பரலோகத்தில் அன்புள்ள பிதா இருக்கிறார் என்று சொல்லும்போதே தொண்டை அடைத்தது. பையில் காசை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாயே, மாய்மாலக்காரா என்று உள்ளே ஒரு குரல். மண்டியிட்டுப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார், அதுவும் ஓடவில்லை. கடைசியில் அந்தக் கணவன் வாய்விட்டே உதவி கேட்டபோது, நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் நெஞ்சு லேசானது. அறையில் அவருக்காக இருந்தது இரண்டு வேளைக் கஞ்சி மட்டும். அன்றிரவுக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. காலையில் தபால்காரன் கதவைத் தட்டினான். யார் அனுப்பியது என்றே தெரியாத ஒரு கவர். உள்ளே ஒரு ஜோடிக் கையுறை, அதற்குள்ளிருந்து அரை சாவரின் தங்கக் காசு விழுந்தது. 10 ஷில்லிங். கொடுத்ததைப் போல நாலு மடங்கு.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் சொல்லும்போது அந்தக் கவரோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தின கால் மணி நேரம்தான் பெரிது. ஜெபம் சொல்ல வாய் வராமல் போன அந்தக் கால் மணி நேரம். ஒரு நோயாளியின் முன்னால் வாயும் கையும் வேறு வேறாக இருப்பது என்ன என்று, அந்த மாணவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கவர் வந்ததை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அந்தப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப் படித்த என் அறைத்தோழி, வீட்டுக்குக் கடிதம் போடாமல், மெஸ் பில்லுக்காக ஒரு மாதம் ஜெபம் மட்டும் செய்தாள். தபால்காரர் வரவில்லை. நோட்டீஸ் போர்டில் அவள் பேர்தான் வந்தது. அப்புறம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டினோம். அந்த ஆறு பேர்தான் கர்த்தர் அனுப்பின கவர் என்று அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள், பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1852 இலையுதிர் காலத்தில் டெய்லர் லண்டனுக்குப் போனார். கிழக்கு லண்டன், வொயிட்சேப்பலில் உள்ள லண்டன் ஹாஸ்பிட்டலில் படிப்பு. தங்கியது தூரத்தில், சோஹோ பகுதியில். போக வர தினமும் எட்டு மைலுக்குக் குறையாத நடை. சாயங்காலம் திரும்பும் வழியில் இரண்டு பென்ஸுக்கு ஒரு பழுப்பு ரொட்டி வாங்கி, கடைக்காரனையே இரண்டாக வெட்டித் தரச் சொல்வார். தானே வெட்டினால் இரவுப் பங்கு பெரிதாகிவிடும் என்ற பயமோ என்னவோ! பாதி இரவுக்கு, பாதி காலைக்கு. மத்தியானம் ஆப்பிள். குடிக்கத் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு நர்சிங் டீச்சராக நான் சும்மா இருக்க மாட்டேன். வளரும் வயதில், பிணம் அறுக்கும் அறையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைக்கு இது சாப்பாடா? பக்தி என்ற பேரில் பட்டினி கிடந்து, காலை ரவுண்ட்ஸில் மயங்கி விழுந்த மாணவிகளை நானே தூக்கியிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே ஆபத்து வந்தது. பாடக் குறிப்புகள் எழுதுவதற்காகத் தாள்களைச் சேர்த்துத் தைக்கும்போது விரலில் ஊசி குத்தியது. சின்னக் குத்து, மறந்தே போனார். மறுநாள் அவர் அறுத்தது காய்ச்சலில் செத்த ஒருவரின் உடல். கையுறை என்ற பேச்சே கிடையாது. அறுவை அறைக்கு ரப்பர் கையுறை வந்தது 1890-களில்தான். லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டதே 1867-ல். மத்தியானத்துக்குள் களைப்பு, அப்புறம் கையும் விலாவும் வலி, பென்சில் பிடிக்க முடியவில்லை. உடற்கூறு சொல்லிக் கொடுத்தவரிடம் போய்க் கேட்டார். அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. உடனே வண்டி பிடித்து வீட்டுக்குப் போ, செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துவிடு, நீ பிழைக்க மாட்டாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

டெய்லருக்கு இருபது வயது. சாவுக்குப் பயமில்லை, ஆனால் சீனாவில் வேலை இருக்கிறது என்று நம்புவதால் சாக மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாடகை வண்டிக்குக் காசில்லை. நடந்து பார்த்தார், முடியவில்லை. பொது வண்டி ஏறி வீடு சேர்ந்தார். வெந்நீர் வாங்கி, விரலைத் தானே கீறி விட்டுக்கொண்டு, மயங்கி விழுந்தார். பல வாரம் படுக்கை. அதே நாட்களில் வேறொரு ஆஸ்பத்திரியில் இதே மாதிரி விஷமேறிய இரண்டு பேர் இறந்துபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார். அவர் பிழைத்தார். பார்க்க வந்த டாக்டர், குடிப்பழக்கம் இல்லாத உடம்பு என்பதால் நம்பிக்கை வைத்தாராம். இறைச்சியும் போர்ட் ஒயினும் நிறையக் கொடுக்கச் சொல்லி எழுதியவரும் அதே டாக்டர்தான். சாப்பாட்டு விஷயத்தில் அவரும் என் கட்சி!

இப்போது அந்தக் கால் கதை. லண்டனில் ஒரு சர்ஜனுக்கு உதவியாளராக இருந்தபோது, ஒரு வயதானவருக்குத் தினமும் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றும் வேலை டெய்லருக்கு வந்தது. பாதம் அழுகல், பிழைக்க வழியில்லை. அந்த மனிதர் கடவுள் மறுப்பாளர், கோபக்காரர். வேதம் வாசித்துக் காட்ட வந்தவரை அறையை விட்டுத் துரத்தியவர். ஆறுதல் சொல்ல வந்த போதகரின் முகத்தில் துப்பியவர்.

டெய்லர் முதல் இரண்டு மூன்று நாள் வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டை மட்டும் கவனமாக மாற்றினார். வலி தெரியாமல் எப்படி அவிழ்ப்பது, எப்படிச் சுற்றினால் இதமாக இருக்கும் என்பதிலேயே முழுக் கவனம். கிழவருக்கு அது பிடித்துப்போனது, வாய்விட்டு நன்றியும் சொன்னார். அதற்குப் பிறகுதான் டெய்லர் மெதுவாகப் பேச்செடுத்தார். கிழவர் எதிர்த்துப் பேசவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பல நாள் இப்படிப் போனது. ஒருநாள் கட்டு மாற்றி முடித்து, கதவு வரை போன டெய்லரால் மேலே போக முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். திரும்பி வந்து, உங்களுக்காக ஜெபிக்க அனுமதி கொடுத்தால் என் பாரம் குறையும் என்று கேட்டார். உனக்கு அது ஆறுதல் என்றால் செய்துகொள் என்றார் கிழவர். அன்றைக்குத்தான் அவர் மனம் அசைந்தது. நாற்பது வருஷமாகக் கோயில் வாசலையே மிதிக்காமல் இருந்தவர், விசுவாசத்தோடும் சமாதானத்தோடும் இறந்தார் என்று டெய்லர் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, அன்றிரவு வார்டில் அந்த ஜன்னலோரப் படுக்கையைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. நான் கைப்பிரதி வைத்தேன், டெய்லர் கட்டுப் போட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. முகம் திருப்பிக்கொண்ட நோயாளியிடம் நாள் தவறாமல் வேதம் பேசியதை, இன்றைய மாணவிகளுக்கு நான் உதாரணமாகச் சொல்வதில்லை. படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாதவர். அவருடைய வலி நம் கையில் இருக்கும்போது, அவருடைய காதையும் எடுத்துக்கொள்வது சரியில்லை. அனுமதி கேட்ட டெய்லரைத்தான் நான் வகுப்பில் சொல்கிறேன். அனுமதி கேட்காத நாட்களின் டெய்லரை அல்ல. என் பேட்ச் தோழிகள் சிலர் இதற்காக என்னோடு சண்டை போடுவார்கள். ரீயூனியனில் நேரில் பார்த்துக்கொள்வோம்!

படிப்பு முடியுமுன்பே அழைப்பு வந்துவிட்டது. சீனாவில் தைப்பிங் கலகக்காரர்கள் முன்னேற, நாடே சுவிசேஷத்துக்குத் திறக்கப் போகிறது என்று இங்கிலாந்தில் எதிர்பார்ப்பு. 1853 செப்டம்பர் 19-ல், பட்டம் இல்லாமலே லிவர்பூலில் கப்பல் ஏறினார். 1854 மார்ச் 1-ல் ஷாங்காய். சீன உடை, நிங்போ, 1858-ல் மரியா டையரோடு திருமணம், இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. 1859-ல் நிங்போவில் ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் பார்க்கர் மனைவியை இழந்து ஊர் திரும்பியபோது, அந்தப் பொறுப்பு டெய்லர் தலையில் விழுந்தது. பார்க்கர் ஐரோப்பியருக்கு வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததில் நடந்த ஆஸ்பத்திரி அது. அந்த வருமானமும் அவரோடு போயிற்று. கடைசி அரிசி மூட்டையைப் பிரித்தாயிற்று என்று சமையல்காரர் வந்து சொன்னார். அந்த மூட்டை தீருமுன்பே இங்கிலாந்திலிருந்து 50 பவுன் வந்து சேர்ந்தது. ட்ரெயின்சைடில் ஒரு நாணயத்தில் படித்த பாடத்தை, இங்கே ஒரு வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு எழுத வேண்டி வந்தது.

உடம்பு கெட்டு 1860-ல் இங்கிலாந்து திரும்பியவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். விட்டுப்போன படிப்பை முடித்தார். நம் பாஷையில் சொன்னால், அரியர் எழுதினார்! பழைய லண்டன் ஹாஸ்பிட்டலுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்து, நிங்போ மொழிப் புதிய ஏற்பாட்டைத் திருத்திக்கொண்டே, மனைவி பிள்ளைகளோடு இருந்து படித்து, 1862-ல் ராயல் சர்ஜன்ஸ் கல்லூரியின் எம்.ஆர்.சி.எஸ். பெற்றார். அப்போது வயது முப்பது. அழைப்பு இருக்கிறது, பரீட்சை எதற்கு என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் இந்த வருஷத்தைச் சொல்வது வழக்கம்.

1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். 1870-ல் மரியா காலராவில் இறந்தார். 1900-ல் பாக்ஸர் கலவரத்தில் அவருடைய மிஷனைச் சேர்ந்த 58 பேரும் 21 குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். 1905 ஜூன் 3-ல் சாங்ஷாவில் அவர் இறந்தபோது, மிஷனில் 800-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மரியாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

இன்னொரு மாணவரையும் சொல்லணும். 1866-ல் டப்ளினில் டெய்லரின் பேச்சைக் கேட்டு, நானும் சீனா வருகிறேன் என்று கிளம்பிய வாலிபர் தாமஸ் பர்னார்டோ. டெய்லர் படித்த அதே லண்டன் ஹாஸ்பிட்டலில் சேர்ந்தார். அந்த வருஷமே கிழக்கு லண்டனில் காலரா. அனாதைப் பிள்ளைகள் தெருவில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர் சீனாவுக்குப் போகவே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் கட்டினார். அவரும் படிப்பைப் பாதியில் விட்டு, பத்து வருஷம் கழித்து 1876-ல் எடின்பரோவில் முடித்தவர்தான். இறந்ததும் அதே 1905-ல்.

என் தாத்தா கதை பாக்கி இருக்கிறது. நைட் டூட்டி முடிந்து மறுபடி காலை டூட்டிக்கு வந்த அன்று, சலைனை வெதுவெதுப்பாக்கி, காஸின் மேல் ஊற்றி, கால் மணி நேரம் ஊற வைத்தேன். வார்டு சிஸ்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். காஸ் தானாகவே நழுவி வந்தது. தாத்தா கம்பியைப் பிடிக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. அடுத்த வாரம் பாதத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் தினமும் நான்தான் கட்டுப் போட்டேன். அவர் கழுத்தில் இருந்த துளசி மணியைப் பற்றி நானும் கேட்கவில்லை, என் சிலுவையைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நான் வைத்த கைப்பிரதிகளை அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வேளை மாத்திரையை மடித்து, காலை, மதியம், இரவு என்று அடுக்கியிருந்தார். டிஸ்சார்ஜ் அன்று மகன் வண்டியோடு வந்து காத்துக்கொண்டிருக்க, வகுப்பிலிருந்து அந்தப் பொண்ணு வந்துதான் கடைசிக் கட்டைப் போடணும் என்று பதினொரு மணி வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.